பிசையவே வேண்டாம், காத்திருந்தால் போதும்: வீட்டில் ஃபோகாச்சியா

பிரெட் எல்லாம் நமக்கு வராது என்று ஒதுங்கி நிற்பவர்கள் எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் ஃபோகாச்சியா என்றுதான் சொல்வேன். உருண்டையாக வடிவம் பிடிக்க வேண்டாம், மேலே பிளேடால் கீற வேண்டாம், மூடி போட்ட கனமான இரும்புப் பாத்திரம் வேண்டாம். ஒரு பெரிய கிண்ணம், ஒரு ட்ரே, தாராளமாக ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பிசைகிற வேலையும் இல்லை. கை வலிக்க வலிக்கப் பிசைந்தால்தான் பிரெட் உப்பும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம், அந்த வேலையை நேரமே செய்துகொடுத்துவிடும். ராத்திரி கலந்து வைத்துவிட்டுப் போய்த் தூங்கலாம்.

ஆனால் ஒன்று. இந்த பிரெட்டைப் பற்றிப் படிக்கிற குறிப்புகளில் பாதிக்கு மேல் மாவு கலப்பது எவ்வளவு சுலபம் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கலப்பது சுலபம்தான், அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஃபோகாச்சியா உள்ளே மெத்தென்று துளைத்துளையாக வருமா, அடர்த்தியாக அழுந்திப்போய் வருமா என்பதைத் தீர்மானிக்கிற இடம் வேறு. மாவை ட்ரேயில் போட்ட பிறகு, ஓவனுக்குள் போவதற்கு முன்னால், அது இரண்டாவது முறை உப்புகிற அந்த சில மணி நேரம். அங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள், அதனால் அதைப் பற்றி இங்கே கொஞ்சம் நிறையவே எழுதப்போகிறேன்.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஃபோகாச்சியா என்றதும் பெரும்பாலும் நினைவுக்கு வருவது இத்தாலியின் வடமேற்குக் கடலோரத்தில் இருக்கிற லிகூரியா, அதன் தலைநகர் ஜெனோவா. அங்கே செய்வது ரொம்ப தடியாக இருக்காது, சுமார் 2 சென்டிமீட்டர் உயரம்தான், மேலே குழிகளில் உப்புத் தண்ணீரும் எண்ணெயும் தேங்கி நிற்கும்படி ஊற்றிச் சுடுவார்கள். காலையில் அதைக் கப்புச்சினோவில் தோய்த்துச் சாப்பிடுகிற பழக்கமும் அந்த ஊரில் உண்டு. அதே லிகூரியாவில் ரெக்கோ என்ற ஊரில் செய்கிற ஃபோகாச்சியாவில் ஈஸ்ட்டே கிடையாது, காகிதம் போல இழுத்த இரண்டு மாவுத் தாள்களுக்கு நடுவில் மென்மையான சீஸை வைத்துச் சுடுவது. தெற்கே பாரி பக்கம் போனால் ரவை போன்ற துரும் கோதுமை மாவும் வேகவைத்த உருளைக்கிழங்கும் சேர்த்து, மேலே தக்காளியும் ஆலிவும் ஆரிகானோவும் போடுவார்கள். இத்தனை வகை இருக்கும்போது "அசல்" எது என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ராத்திரி முழுக்க ஊறவைத்து, உயரமாக, பெரிய பெரிய காற்றறைகளோடு நாம் வீட்டில் செய்வது, ஜெனோவாவில் செய்வதிலிருந்து கொஞ்சம் விலகிய ஒன்று, அதைத் தெரிந்துகொண்டே செய்யலாம்.

பிசையாமல் பிரெட் செய்யலாம் என்பதை உலகம் முழுக்க வீடுகளுக்குக் கொண்டுபோனதில் நியூயார்க்கைச் சேர்ந்த பேக்கர் ஜிம் லேஹிக்குப் பெரிய பங்கு உண்டு. 2006 நவம்பரில் மார்க் பிட்மன் நியூயார்க் டைம்ஸில் அவருடைய முறையைப் பற்றி எழுதினார். மூன்று கப் மாவுக்கு வெறும் கால் டீஸ்பூன் ஈஸ்ட், நிறைய தண்ணீர், 12 முதல் 18 மணி நேரம் அப்படியே விட்டுவிடுவது. அது மூடி போட்ட பாத்திரத்தில் சுடுகிற உருண்டை பிரெட். அதே தத்துவம் ஃபோகாச்சியாவுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. ஏனென்றால் தண்ணீர் அதிகமான மாவை உருண்டையாகப் பிடிப்பதுதான் கஷ்டம், ட்ரேயில் அதுவாகப் பரவ விடுவதற்கு ஒரு சாமர்த்தியமும் தேவையில்லை.

சரி, பிசையாமல் எப்படி நடக்கிறது? கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையாடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று பிணைந்து வலை போல ஆகின்றன, அதுதான் குளூட்டன். பிசைவது அந்தப் பிணைப்பை வேகப்படுத்துகிறது, வரிசைப்படுத்துகிறது, அவ்வளவுதான். மாவில் தண்ணீர் போதுமான அளவு இருந்து நேரமும் கொடுத்தால் அந்த வலை தானாகவே உருவாகிவிடும். இதற்கிடையில் ஈஸ்ட் விடுகிற கார்பன் டை ஆக்சைடு குமிழிகளாக விரிந்து மாவை உள்ளிருந்தே மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கும், ஒருவிதத்தில் அதுவும் பிசைவதுதான். நேரம் தருகிற இன்னொரு லாபம் ருசி. மாவில் இருக்கிற அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கிறது, அந்தச் சர்க்கரை ஈஸ்ட்டுக்குத் தீனி, மிச்சம் இருப்பது ஓவனில் மேல்பக்கம் பொன்னிறமாகச் சிவப்பதற்கு உதவும். கூடவே ஆல்கஹாலும் கொஞ்சம் அமிலங்களும் சேர்கின்றன. ரெண்டு மணி நேரத்தில் ஈஸ்ட்டை அள்ளிப்போட்டு உப்பவைத்த பிரெட்டுக்கும் ராத்திரி முழுக்க ஊறிய பிரெட்டுக்கும் வாசனையிலேயே வித்தியாசம் தெரிவது இதனால்தான்.

இப்போது அளவுகள். 23க்கு 33 சென்டிமீட்டர் ட்ரேக்கு: பிரெட் மாவு 500 கிராம், தண்ணீர் 400 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் (கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன்). எண்ணெய் மாவுக்குள் ஒரு டேபிள்ஸ்பூன், ட்ரேயில் மூன்று டேபிள்ஸ்பூன், மேலே ஊற்ற இன்னும் இரண்டு. அவ்வளவு எண்ணெயா என்று பலர் கேட்பார்கள். ஆமாம், அவ்வளவு. ஃபோகாச்சியாவின் அடிப்பக்கம் சுடப்படுவது பாதி, எண்ணெயில் பொரிவது பாதி. அந்த மொறுமொறுப்பு வேண்டுமென்றால் எண்ணெயில் கை சுருக்கக் கூடாது. அதோடு, நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயாக இருக்கட்டும். இந்த பிரெட்டில் மாவுக்கு அடுத்தபடி நாக்குக்குத் தெரிவதே அதுதான். திறந்து மாதக்கணக்கில் ஆன பாட்டிலாக இருந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் பிரெட்டிலும் அதே வாடைதான் அடிக்கும்.

அளவுகளைக் கிராமில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கப் மாவு என்பது அள்ளுகிற விதத்தைப் பொறுத்து 120 கிராமும் இருக்கலாம், 150 கிராமும் இருக்கலாம். நாலு கப் அள்ளினால் 120 கிராம் வித்தியாசம். மேலே சொன்ன மாவில் தண்ணீர் மாவின் எடையில் 80 சதவீதம், பேக்கர்கள் எப்போதும் மாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அதன் சதவீதமாகத்தான் கணக்கிடுவார்கள். மாவு நூறு கிராம் கூடிப்போனால் அந்த 80 சதவீதம் 67க்கு இறங்கிவிடும், அப்புறம் அது ஃபோகாச்சியா மாவே இல்லை. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது, தண்ணீரையும் அதே கிண்ணத்தில் அப்படியே எடை போட்டு ஊற்றிவிடலாம், கழுவ வேண்டிய பாத்திரமும் குறையும்.

மாவைப் பற்றி: புரதம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் 400 கிராம் தண்ணீரை நன்றாகத் தாங்கும். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிற சத்து அட்டவணையில் நூறு கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பாருங்கள். 10 சதவீதம்தான் என்றால், அதாவது சாதாரண மைதா என்றால், தண்ணீரை 360 அல்லது 370 கிராமுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். மைதாவில் செய்தாலும் நன்றாகவே வரும், உள்ளே துளைகள் கொஞ்சம் சின்னதாக இருக்கும், மென்மை அதிகமாக இருக்கும். முழு கோதுமை மாவு சேர்க்க ஆசைப்பட்டால் மொத்த மாவில் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம் என்பேன். தவிடு குளூட்டன் வலையை அறுக்கும், தண்ணீரையும் உறிஞ்சும், அதனால் இருபது முப்பது கிராம் தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும்.

ஈஸ்ட் இன்ஸ்டன்ட் வகை என்றால் நேராக மாவில் கலந்துவிடலாம். ஆக்டிவ் டிரை என்று எழுதியிருந்தால் கால் பங்கு கூட எடுத்து, கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, நுரைத்து வருகிறதா என்று ஐந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். நுரைக்கவில்லையா, அந்த ஈஸ்ட் செத்துவிட்டது, மாவை வீணாக்க வேண்டாம். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கவும் கூடாது, 55, 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஈஸ்ட் பிழைக்காது. உப்பு பட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. இந்த அளவு உப்பு மாவோடு கலந்துவிட்டால் ஈஸ்ட்டின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அது நமக்கு நல்லதுதான்.

கலப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். மாவு, உப்பு, ஈஸ்ட் மூன்றையும் கிண்ணத்தில் போட்டுக் கலந்து, தண்ணீரும் எண்ணெயும் ஊற்றி, கரண்டியாலோ ஸ்பாட்டுலாவாலோ உலர்ந்த மாவு எங்கும் தெரியாத வரை கிண்டுங்கள். பார்க்க அழகாக இருக்காது. கட்டிகட்டியாக, பிசுபிசுவென்று, கையில் ஒட்டிக்கொண்டு, இது எங்கே பிரெட் ஆகப்போகிறது என்றுதான் தோன்றும். தோன்றட்டும், இன்னொரு கைப்பிடி மாவு மட்டும் போட்டுவிடாதீர்கள். இந்த மாவு ஒட்டத்தான் வேண்டும். மூடி வைத்து அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அதே மாவு வழவழப்பாக மாறியிருக்கும், ஒன்றுமே செய்யாமல்.

அந்த நேரத்தில் ஒரு சின்ன வேலை செய்யலாம், கட்டாயம் இல்லை, ஆனால் நான் செய்வேன். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, மாவின் ஒரு ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்து நடுவில் மடித்துப் போடுங்கள். கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி அடுத்த ஓரம். இப்படி நாலு பக்கமும் சுற்றி வந்தால் போதும். அரை மணி கழித்து இன்னொரு தடவை. இது பிசைவது இல்லையா என்று கேட்டால், இல்லை, மொத்தமே ஒரு நிமிட வேலை. ஆனால் குளூட்டன் இழைகள் ஒழுங்காகி, காற்றைப் பிடித்து வைக்கிற பலம் மாவுக்குக் கூடும். மைதாவில் செய்கிறவர்கள் இதை விடாமல் செய்யுங்கள்.

அப்புறம் கிண்ணத்தை இறுக்கமாக மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குறைந்தது 12 மணி நேரம், ஒரு முழு நாள் என்றால் இன்னும் நல்லது, மூன்று நாள் வரைகூட தாங்கும். 4 டிகிரி குளிரில் ஈஸ்ட் ரொம்ப மெதுவாகத்தான் வேலை செய்யும், நொதிகளின் வேலை மட்டும் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும், அதனால்தான் குளிரில் ஊறிய மாவுக்கு ருசி அதிகம். நமக்கு வசதியும் அதுதான், நாளை சுடலாம் என்று நினைத்தது நாளன்றைக்குத் தள்ளிப்போனாலும் மாவு கோபித்துக்கொள்ளாது. ஃப்ரிட்ஜில் இடம் இல்லையென்றால் ஈஸ்ட்டைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிற அறையில் வெளியிலேயே ராத்திரி முழுக்க விடலாம். அறை அதைவிடச் சூடாக இருந்தால் அந்த வழியில் போகாதீர்கள், விடிவதற்குள் மாவு பொங்கி அமுங்கி நீர்த்துப்போயிருக்கும். அன்றைக்கே சாப்பிட வேண்டும் என்றால் ஈஸ்ட்டை இரண்டு டீஸ்பூனாக்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் உப்பவைக்கலாம். வரும், ஆனால் அந்த ருசி இருக்காது, முடிந்தவரை ஒரு நாள் முன்னதாகவே கலந்துவிடுங்கள்.

மறுநாள் ட்ரேயில் எண்ணெயை ஊற்றி அடியும் சுவரும் முழுக்கத் தடவுங்கள். அடர்நிற உலோக ட்ரேதான் இதற்கு நல்லது, சூட்டை வேகமாக வாங்கி அடியைச் சிவக்கவைக்கும். கண்ணாடி ட்ரே மெதுவாகத்தான் சூடாகும், அதில் சுட்டால் சில நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும். ட்ரே ஒட்டும் ரகம் என்றால் பேக்கிங் பேப்பரை விரித்து அதன் மேல் எண்ணெய் ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவைக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து மெதுவாக வழித்து ட்ரேக்குள் சாய்த்து, ஒரு தடவை புரட்டி, எல்லாப் பக்கமும் எண்ணெய் படும்படி செய்துவிட்டு விட்டுவிடுங்கள். மூலைகளுக்கு இழுத்துக்கொண்டுபோக முயல வேண்டாம். குளிர்ந்த மாவு முறுக்கிக்கொண்டிருக்கும், இழுத்தால் திரும்பச் சுருங்கும், பலவந்தம் செய்தால் கிழியும். அரை மணி கழித்து லேசாகத் தள்ளிவிட்டால் தானாகவே போய்ச் சேரும்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன இடம் வருகிறது.

குறிப்புகளில் "ஒரு மணி நேரம் உப்பவிடவும்" என்று எழுதியிருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து வந்த மாவுக்கு ஒரு மணி நேரத்தில் குளிரே விட்டிருக்காது. மாவின் நடுப்பகுதி அறை வெப்பத்துக்கு வரவே நேரம் பிடிக்கும், அதற்குப் பிறகுதான் ஈஸ்ட் முழு வேகத்தில் எழும். அறை 27, 28 டிகிரி இருந்தால் இரண்டு மணி நேரம், 20 டிகிரிதான் என்றால் மூன்று அல்லது நாலு மணி நேரம்கூட ஆகலாம். அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். அது ட்ரேயின் மூலைகளை அதுவாகவே நிரப்பியிருக்க வேண்டும். போட்டதைவிட இரண்டு மடங்குக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும். மேல்தோலுக்கு அடியில் அங்கங்கே குமிழிகள் தெரிய வேண்டும். ட்ரேயைப் பிடித்து லேசாக ஆட்டினால் முழு மாவும் தளதளவென்று ஆட வேண்டும், இதுதான் எனக்கு மிகவும் நம்பகமான அடையாளம், உள்ளே காற்று நிறையாத மாவு அப்படி ஆடவே ஆடாது. இன்னும் சந்தேகமாக இருந்தால் எண்ணெய் தொட்ட விரலால் ஓரத்தில் ஒரு இடத்தில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே நிமிர்ந்துகொண்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக எழும்பி, லேசான தடத்தை விட்டுவிட்டு நின்றால் தயார். எழும்பவே இல்லாமல் சுற்றியுள்ள இடமும் அமுங்கினால் தாண்டிப்போய்விட்டது, ஓவன் சூடாகியிருந்தால் உடனே உள்ளே தள்ளுங்கள்.

இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது வெட்டிப் பார்க்கும்போது தெரியும். மேலே ஒன்றிரண்டு பெரிய பொந்துகள், கீழே பிசின் மாதிரி அடர்த்தியான ஒரு பட்டை. பலர் இதைப் பார்த்துவிட்டு ஈஸ்ட் சரியில்லை, மாவு சரியில்லை, பிசையாமல் விட்டதுதான் தப்பு என்று முடிவுகட்டி அடுத்த தடவை பிசைய ஆரம்பிக்கிறார்கள். அதே மாவை இன்னும் ஒரு மணி நேரம் ட்ரேயிலேயே விட்டிருந்தால் போதும். மாறாக ரொம்ப நேரம் விட்டுவிட்டால் சர்க்கரையை எல்லாம் ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும், பிரெட் வெளிறிப்போய்த் தட்டையாக, கொஞ்சம் புளிப்பாக வரும். ஆனால் அந்த எல்லைக்கும் இந்த எல்லைக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. வீட்டில் நடக்கிற பிழைகளில் பெரும்பாலானவை முன்பக்கம்தான், சீக்கிரம் சுட்டுவிடுவது. சந்தேகம் வந்தால் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள் என்பதுதான் என் யோசனை.

மாவு தயாராகப்போகிறது என்று தெரியும்போதே ஓவனை 220 அல்லது 230 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள். விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாக இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும்.

அப்புறம் எல்லோருக்கும் பிடித்த கட்டம், குழி போடுவது. மாவின் மேல் எண்ணெய் ஊற்றி, விரல்களிலும் எண்ணெய் தொட்டுக்கொண்டு, ஆர்மோனியக் கட்டைகளை அழுத்துகிற மாதிரி எல்லா விரல்களையும் நேராக இறக்குங்கள், ட்ரேயின் அடி விரலில் தட்டுப்படுகிற வரை. தயங்கித் தயங்கி மேலோட்டமாகத் தட்டினால் ஓவனில் குழிகள் எல்லாம் மூடிக்கொண்டுவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தவும் வேண்டாம், ஒரு முறை முழுக்கப் போய்வந்தால் போதும். இந்தக் குழிகள் அழகுக்காக மட்டும் இல்லை. மாவு ஒரே பலூனாக எழும்பிவிடாமல் அங்கங்கே பிடித்து நிறுத்துகின்றன, எண்ணெய் தேங்க இடம் கொடுக்கின்றன, அழுத்தும்போது குமிழிகள் பக்கவாட்டில் ஒதுங்கி மேடுகளாகின்றன.

ஜெனோவாவில் ஊற்றுகிற உப்புத் தண்ணீரை ஒரு தடவையாவது செய்து பாருங்கள். 60 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயையும் சேர்த்து நன்றாக அடித்து, குழி போட்ட மாவின் மேல் முழுக்க ஊற்றிவிடுங்கள். தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஓவனில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், குழிகள் வெளுப்பாகவும் மிருதுவாகவும் உப்புக் கரிப்போடும் இருக்க, மேடுகள் எண்ணெயில் சிவந்து மொறுமொறுவென்று ஆகும். ஒரே வாய்க்குள் இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் இந்த பிரெட்டின் சுகம். இந்தத் தண்ணீரை ஊற்றினால் மேலே கல் உப்பு தூவ வேண்டாம், மாவில் போடுகிற உப்பையும் 8 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். மேலே ஊற்ற வைத்திருந்த அந்த இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் இதற்குள் போய்விட்டது, குழி போடும்போது விரலில் தொட்டுக்கொள்வது போதும்.

மேலே என்ன போடுவது? என்னைக் கேட்டால் முதல் தடவை ஒன்றுமே வேண்டாம், உப்பும் எண்ணெயும் போதும், மாவின் ருசி தெரியட்டும். ரோஸ்மேரி போடுவதென்றால் இலைகளை எண்ணெயில் புரட்டிவிட்டுக் குழிகளில் அழுத்திவையுங்கள், இல்லாவிட்டால் கருகிக் கசக்கும். சின்னத் தக்காளிகளைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி ஆழமாகப் பதியுங்கள். வெங்காயத்தைக் காகிதம் போல மெல்லிசாகச் சீவி, கொஞ்சம் உப்பும் எண்ணெயும் பிசிறிவைத்துவிட்டுப் பரப்பினால் ஓரங்கள் மட்டும் சிவந்து அருமையாக இருக்கும். பூண்டைப் பச்சையாக மேலே தூவினால் 220 டிகிரியில் கருகிவிடும், எண்ணெயில் மெதுவாகக் காய்ச்சி, பிரெட் வெளியே வந்ததும் தடவுங்கள். அந்தப் பூண்டு எண்ணெயை மிச்சம் வைத்து வெளியில் நாள்கணக்கில் விட வேண்டாம். காற்று புகாத எண்ணெய்க்குள் இருக்கிற பூண்டில் பாட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்குகிற கிருமி வளரலாம், அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, எதை எவ்வளவு போட்டாலும் கனமாகக் குவிக்காதீர்கள். காய்கறிகளிலிருந்து இறங்குகிற தண்ணீர் அந்த இடத்தை வேகவிடாது.

ஓவனின் கீழ்த்தட்டில் வையுங்கள். அடிப்பக்கம் நன்றாகப் பொரிய வேண்டும் என்பதால் நடுத்தட்டைவிட கீழ்த்தட்டுதான் சரி, மேல்பக்கம் சிவக்கவில்லை என்றால் கடைசி ஐந்து நிமிடம் மேலே மாற்றிக்கொள்ளலாம். 22 முதல் 28 நிமிடம் ஆகும். ஃபேன் ஓடுகிற ஓவன் என்றால் வெப்பத்தை 20 டிகிரி குறைத்துவிடுங்கள். வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிடாமல் நல்ல பொன்னிறம் வரும் வரை விடுங்கள், ஓரத்தை ஸ்பாட்டுலாவால் தூக்கிப் பார்த்தால் அடியும் சிவந்திருக்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் குத்திப் பார்க்கலாம், 95 டிகிரியைத் தாண்டியிருந்தால் உள்ளே வெந்துவிட்டது.

வெளியே எடுத்ததும் ஐந்து நிமிடத்துக்குள் ட்ரேயிலிருந்து கம்பி ரேக்குக்கு மாற்றிவிடுங்கள். இதை மறந்தால் இவ்வளவு எண்ணெய் ஊற்றி வாங்கிய மொறுமொறுப்பை ஆவி வந்து நனைத்துவிடும், அடி சொதசொதவென்று ஆகிவிடும். வாசனை வீடு முழுக்க இருக்கும்போது வெட்டாமல் இருப்பது கடினம், ஆனால் இருபது நிமிடமாவது பொறுங்கள், உள்ளே ஈரம் இன்னும் அடங்கிக்கொண்டிருக்கிறது, சுடச்சுட வெட்டினால் கத்தியில் பசையாக ஒட்டும். வெட்டுவதற்கு ரம்பப் பல் உள்ள பிரெட் கத்தி வேண்டும், சாதாரணக் கத்தி மேல்தோலை அமுக்கிக் காற்றறைகளை நசுக்கிவிடும்.

அன்றைக்கே சாப்பிடுவதுதான் ஃபோகாச்சியாவுக்கு மரியாதை. மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். பிரெட் காய்ந்துபோவதற்கு ஈரம் போவது மட்டும் காரணம் இல்லை, வெந்த ஸ்டார்ச் ஆறிய பிறகு மறுபடியும் இறுகுகிறது, அந்த இறுக்கம் ஃப்ரிட்ஜ் குளிரில்தான் ரொம்ப வேகமாக நடக்கும். ஒரு நாளைக்கு என்றால் வெளியிலேயே மூடி வையுங்கள். அதற்கு மேல் என்றால் துண்டுகளாக வெட்டி, காற்று புகாமல் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். வேண்டும்போது உருக விடாமலேயே 190 டிகிரி ஓவனில் எட்டுப் பத்து நிமிடம் வைத்தால் இறுகிய ஸ்டார்ச் மறுபடி இளகி, அடியும் திரும்ப மொறுமொறுப்பாகிவிடும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒரு நிமிடம் மென்மையாக இருந்துவிட்டு அப்புறம் ரப்பராக இழுக்கும், ஓவனைப் போட மனம் இல்லையென்றால் கனமான தோசைக்கல்லிலோ வாணலியிலோ அடிப்பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, மூடி, சிறு தீயில் நாலைந்து நிமிடம் விடுங்கள்.